குலெஷோவின் சூப்புக் கிண்ணம்: அசலை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

கத்திரிக்கோல்:
எல்லோருக்கும் வணக்கம். நான் சீரியல் எடிட்டிங்கில் உதவியாளன், நான்கு வருடமாக. ஒரு கல்லூரியில் விஸ்காம் படிக்கும் பிள்ளைகளிடம் எடிட்டிங் பற்றி ஒரு மணி நேரம் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். எடிட்டிங் என்றால் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவில்தானே ஆரம்பிக்க வேண்டும்? ஒரு நடிகரின் முகம், அப்புறம் ஒரு கிண்ணம் சூப். அதே முகம், சவப்பெட்டியில் ஒரு குழந்தை. அதே முகம், சோபாவில் சாய்ந்திருக்கும் ஒரு பெண். முகம் இம்மியும் மாறவில்லை. ஆனால் பார்த்தவர்கள் பசி என்றும் துக்கம் என்றும் ஆசை என்றும் சொன்னார்களாம்.

யூடியூபில் இந்த மூன்றும் சேர்ந்த ஒரு துண்டு கிடைக்கிறது. திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. மூன்று படத்துக்கும் ஒரே தேய்மானம், ஒரே வெளிச்சம். இது அசல்தானா? அசல் வேறெங்காவது இருக்கிறதா? இன்னொரு கேள்வி, கேட்கவே வெட்கமாக இருக்கிறது. இந்த மனிதர் இதைத் தவிர வேறு என்ன செய்தார்? எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கிண்ணம் மட்டும்தான்.

ஒளிமேசை:
அசல் இல்லை. தொலைந்து பல காலமாகிறது. நீங்கள் பார்த்தது பின்னால் வந்தவர்கள் பாடம் நடத்துவதற்காகச் சேர்த்து ஒட்டியது.

சோதனை எப்போது நடந்தது என்பதிலேயே ஒருமித்த கருத்து கிடையாது. சிலர் 1918 என்பார்கள், சிலர் 1921 என்பார்கள். எதைக் காட்டினார்கள் என்பதிலும் அப்படித்தான். குலெஷோவின் மாணவர் புதோவ்கின் எழுதிவைத்த கணக்கில் சூப்பு, சவப்பெட்டியில் இறந்துபோன ஒரு பெண், பொம்மைக் கரடி வைத்து விளையாடும் ஒரு சிறுமி. சோபாவில் சாய்ந்த பெண்ணே அதில் கிடையாது. நீங்கள் சொன்ன சவப்பெட்டிக் குழந்தையும் இல்லை. நாம் எல்லோரும் ஒப்பிக்கும் கதை வாய்வழியாக வளர்ந்தது.

முகம் யாருடையது என்பது மட்டும் தெளிவு. இவான் மொசூகின். புரட்சிக்கு முந்தைய ரஷ்யாவின் பெரிய நட்சத்திரம். அவருடைய ஏதோ ஒரு பழைய படத்திலிருந்து வெட்டிய குளோசப்.

மாட்டினி ரசிகன்:
அப்படியென்றால் நூறு வருடமாக எல்லாத் திரைப்படப் பள்ளியிலும் யாருமே பார்க்காத ஒரு படத்தைப் பாடமாக நடத்துகிறோம். நல்ல வேடிக்கை.

இன்னொன்றும் சொல்கிறேன், யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 1992இல் ஸ்டீபன் பிரின்ஸ், வெய்ன் ஹென்ஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதே சோதனையை மறுபடி செய்து மாணவர்களிடம் காட்டினார்கள். பெரும்பாலோர் அந்த முகத்தில் உணர்ச்சி எதுவும் இல்லை என்றுதான் சொன்னார்கள். பசியும் இல்லை, துக்கமும் இல்லை. குலெஷோவ் விளைவு என்பது ஒரு நல்ல புரளி என்பது என் கட்சி.

ஒளிமேசை:
1992 சரி. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2016இல் வந்த ஓர் ஆய்வில் பார்வையாளர்கள் சூழலுக்கு ஏற்ப முகத்தை ஓரளவு வேறுவிதமாகத்தான் படித்தார்கள். விளைவு உண்டு, ஆனால் புராணத்தில் வருகிற அளவுக்கு இல்லை என்பது என் புரிதல்.

நீங்கள் விட்டுவிட்ட ஒன்றும் இருக்கிறது. மொசூகின் முகம் வெறும் வெள்ளைத் தாள் இல்லை. திரையில் கண்ணீர் விடுவதற்குப் பெயர்போன கண்கள் அவை. அன்றைய ரஷ்யப் பார்வையாளர் அந்த முகத்தைப் பத்துப் படத்திலாவது பார்த்து அழுதிருப்பார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அதை வைத்தால் துக்கம் தெரியாமல் எப்படி இருக்கும்? 1992இல் உட்கார்ந்திருந்த மாணவர்களுக்கு அது யாரோ ஒருவர் முகம். நம்மூரில் சிவாஜி முகத்தை வைத்துச் செய்வதற்கும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் முகத்தை வைத்துச் செய்வதற்கும் வித்தியாசம் இருக்குமா, இருக்காதா?

கத்திரிக்கோல்:
ஒரு வாக்குமூலம் கொடுத்துவிடுகிறேன். எங்கள் சீரியலில் மாமியார் ஒரு வார்த்தை சொன்னால் கூடத்தில் நிற்கும் ஏழு பேர் முகத்தையும் காட்டியாக வேண்டும். ஒருவருக்கு அன்று ரியாக்‌ஷன் எடுக்காமல் விட்டுவிட்டால் பழைய எபிசோடில் தேடுவோம். போன மாதம் ஒரு நடிகை காபி வருகிறதா என்று திரும்பிப் பார்த்த முகத்தைச் சாவு வீட்டுக் காட்சியில் வைத்தேன். இயக்குநர் பார்த்துவிட்டு "இந்தப் பொண்ணு இன்னைக்குப் பிரமாதம்" என்றார். அதனால் மாட்டினி அண்ணா, புரளி என்று மட்டும் சொல்லாதீர்கள். என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

பழைய புரொஜெக்டர்:
தம்பி, நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விதான் நல்ல கேள்வி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தக் கிண்ணம் அந்த மனிதரையே மறைத்துவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குலெஷோவ் பிறந்தது 1899, தம்போவ் என்ற ஊர். அப்பா ஓவியம் படித்தவர், பிழைப்புக்கு எழுத்தர் வேலை பார்த்தவர். பையன் சின்ன வயதாக இருக்கும்போதே இறந்துபோனார். அம்மாவோடு மாஸ்கோ வந்து, ஓவியப் பள்ளியில் சேர்ந்து, 1916இல் கான்ஜோன்கவ் ஸ்டுடியோவில் செட் போடும் வேலைக்குப் போகிறார். பதினேழு வயது. யாரிடம் போனார் என்பதுதான் முக்கியம். எவ்கேனி பாவர். அந்தக் காலத்து ரஷ்ய இயக்குநர்களில் பிரேமுக்குள் இடத்தை ஆழமாக அடுக்கத் தெரிந்தவர். முன்னால் ஒரு தூண், நடுவில் ஒரு திரைச்சீலை, பின்னால் ஒரு வாசல் என்று அடுக்கடுக்காக வைப்பார்.

அடுத்த வருடம் கிரிமியாவில் படப்பிடிப்பு. பாவருக்குக் கால் உடைந்து, அப்புறம் நிமோனியா கண்டு இறந்துபோனார். அந்தக் கடைசிப் படங்களில் ஒன்றில் குலெஷோவ் செட்டும் போட்டார், பெண்ணைக் காதலிக்கும் ஓவியனாக நடிக்கவும் செய்தார். 1917இலேயே பத்திரிகையில் எழுதத் தொடங்கிவிட்டார். முதலில் எழுதியது எடிட்டிங் பற்றி இல்லை. செட் கலைஞனின் வேலை பற்றி. இதை யாரும் கவனிப்பதில்லை. ஷாட்டை ஓர் எழுத்து மாதிரி, பார்த்தவுடன் படிக்கக் கூடியதாக அமைக்க வேண்டும் என்று பின்னால் அவர் சொன்னதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. தேவையில்லாத எல்லாவற்றையும் பிரேமிலிருந்து எடுத்துவிடு என்பது ஓவியம் படித்த பையனின் யோசனை.

முதல் படம் 1918, பொறியாளர் பிரைட்டின் திட்டம் பற்றியது. கதை எழுதியது பொறியாளரான அண்ணன் போரிஸ். அதில் ஒரு காட்சியில் நடிகர்கள் மின்கம்பங்களை அண்ணாந்து பார்க்க வேண்டும். கம்பங்கள் இருப்பது வேறோர் இடத்தில். பார்க்கிறவர்களை ஓரிடத்திலும் கம்பங்களை இன்னோர் இடத்திலும் எடுத்து ஒட்டினார். திரையில் எல்லாம் ஒரே இடமாகிவிட்டது. கிண்ணத்துக்கு முன்னாலேயே இது நடந்திருக்க வேண்டும். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது.

ஒளிமேசை:
சார் சொன்ன மின்கம்பம்தான் பிற்பாடு பெரிய சோதனையாக வளர்ந்தது. மாஸ்கோவில் ஓரிடத்தில் நடிகை அலெக்ஸாந்த்ரா ஹோஹ்லோவா நடந்து வருகிறார். வேறு எங்கேயோ ஆற்றங்கரையில் நடிகர் லியோனித் ஒபொலேன்ஸ்கி நடந்து வருகிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து, கோகல் சிலை அருகே சந்திக்கிறார்கள். எங்கேயோ பார்க்கிறார்கள். அடுத்த ஷாட்டில் வாஷிங்டன் வெள்ளை மாளிகை! அமெரிக்கப் படம் ஒன்றிலிருந்து வெட்டியது. அப்புறம் ஏறிப் போவது மாஸ்கோ கிறிஸ்து மீட்பர் தேவாலயப் படிகளில். மாஸ்கோவுக்கு நடுவில் வெள்ளை மாளிகை முளைத்துவிட்டது.

கிண்ணம் தொலைந்துபோனாலும் இந்தச் சோதனையின் ஒரு துண்டு 1990களில் கிடைத்தது. கண்டெடுத்தவர்களில் திரைப்பட வரலாற்றாளர் யூரி திசிவியான் ஒருவர். வகுப்பில் காட்ட வேண்டுமென்றால் கிண்ணத்தைவிட இதுதான் நாணயமானது. இதுவாவது இருக்கிறது. அந்தத் தேவாலயத்தை 1931இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள், பிற்காலத்தில் மறுபடி கட்டினார்கள். அவர்கள் ஏறிய படிகள் ஃபிலிமில்தான் மிச்சம்.

மாட்டினி ரசிகன்:
எல்லாம் சரி. ஆனால் நான் கேட்பது, பிலிம் எங்கிருந்து வந்தது? உள்நாட்டுப் போர், பஞ்சம், ரொட்டிக்கு வரிசை. அந்த நேரத்தில் சோதனை செய்ய ரோல் ரோலாகப் பிலிம் கொடுத்தார்களா?

பழைய புரொஜெக்டர்:
கொடுக்கவில்லை. அதுதான் விஷயமே.

1919இல் திரைத்துறை அரசுடைமையானது. அதே வருடம் மாஸ்கோவில் அரசுத் திரைப்படப் பள்ளி தொடங்கியது. உலகின் முதல் திரைப்படப் பள்ளி என்று சொல்லப்படுவது அதுதான். குலெஷோவ் அங்கே ஆசிரியரானபோது இருபது வயதைத் தாண்டியிருந்தால் அதிகம். மாணவர்களில் சிலர் அவரைவிட மூத்தவர்கள். நடுவில் போர்முனைக்கும் போய்ச் செய்திப்படம் எடுத்தார், ஒளிப்பதிவாளர் எதுவார்த் திஸ்ஸேயோடு.

பள்ளியில் பிலிம் இல்லை. அதனால் பிலிம் இல்லாத படங்கள் எடுத்தார்கள். அதாவது, மேடையில் நாற்காலி, கறுப்புத் திரை, விளக்கு. ஒரு படத்தை ஷாட் ஷாட்டாகப் பிரித்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் திரையை விலக்கி மூடி, நடிகர்கள் நடித்துக் காட்டுவார்கள். குளோசப் என்றால் முகத்துக்கு மட்டும் வெளிச்சம். இதை வறுமை என்றும் சொல்லலாம், நல்ல பயிற்சி என்றும் சொல்லலாம். ஒரு ஷாட் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது உடம்பிலேயே ஏறிவிடும்.

உடம்பு என்றதும் ஞாபகம் வருகிறது. அவருடைய பட்டறையில் நடிகர் என்ற சொல்லையே தவிர்த்தார்கள். அதற்குப் பதில் வைத்த ரஷ்யச் சொல் நதுர்ஷிக், ஓவியனுக்கு முன்னால் நிற்கும் மாடல் மாதிரி. குத்துச்சண்டை, குட்டிக்கரணம், சைகைகளைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பழகுவது. போரிஸ் பார்னெட் குத்துச்சண்டைக்காரர், அப்படித்தான் உள்ளே வந்தார். புதோவ்கின் வேதியியல் படித்தவர், முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தவர். பிற்பாடு பெரிய இயக்குநரான ஐசன்ஸ்டீனும் சில மாதம் வந்து கற்றுப் போனார்.

இன்னொன்று. இவர்கள் ஏழை ஜனங்கள் போகும் கொட்டகைகளில் போய் உட்கார்ந்தார்கள். படத்தைப் பார்க்க இல்லை, பார்க்கிறவர்களைப் பார்க்க. எந்தப் படத்துக்கு ஆள் கத்துகிறான், எதில் இருமுகிறான் என்று. அமெரிக்கப் படங்களுக்குத்தான் கொட்டகை அதிர்ந்தது. ஏன் என்று எண்ணிப் பார்த்தால், அமெரிக்கப் படத்தில் ஷாட்டுகள் சின்னவை, நிறைய. ரஷ்யப் படத்தில் ஒரே நீள ஷாட்டில் நடிகர் துக்கத்தை அனுபவித்து முடிக்கும்வரை காமிரா காத்திருக்கும். அதிலிருந்துதான் கோட்பாடு பிறந்தது. புத்தகத்தை வைத்துக்கொண்டு யோசித்தது இல்லை, தரை டிக்கெட் ரசிகனிடமிருந்து படித்தது.

கத்திரிக்கோல்:
சார், கிண்ணத்தைவிட இந்தக் கொட்டகைக் கதைதான் எனக்குப் பிடித்துப்போனது. அதை வைத்தே வகுப்பை ஆரம்பித்துவிடலாம் போலிருக்கிறது.

மாட்டினி ரசிகன்:
வாத்தியார் நல்லவர்தான், மறுக்கவில்லை. ஆனால் படம்? புதோவ்கின் படத்தைச் சொல்வார்கள், ஐசன்ஸ்டீனின் பொதெம்கின் படத்துப் படிக்கட்டுக் காட்சியைச் சொல்வார்கள். குலெஷோவ் படம் என்று பத்துப் பேரிடம் கேட்டால் ஒருவருக்காவது தெரியுமா? மாணவர்கள் இயக்குநர்கள் ஆனார்கள், ஆசிரியர் ஆசிரியராகவே இருந்துவிட்டார். நம்மூரில் பாட்டு வாத்தியார் கச்சேரி செய்யாத மாதிரி.

ஒளிமேசை:
இந்த வாதத்துக்கு அவருடைய மாணவர்களே பதில் சொல்லியிருக்கிறார்கள். 1929இல் அவர் எழுதிய சினிமாக் கலை பற்றிய புத்தகத்துக்கு முன்னுரையில் புதோவ்கினும் மற்றவர்களும் எழுதியது: நாங்கள் படங்களை எடுக்கிறோம், சினிமாவை உண்டாக்கியவர் குலெஷோவ். ஆனால் அந்த முன்னுரையே அவருக்கு ஒரு கல்லறை வாசகம் மாதிரி ஆகிவிட்டதோ என்று எனக்குத் தோன்றும். முப்பது வயதில் ஒருவரை இப்படிப் புகழ்ந்துவிட்டால் அப்புறம் அவர் என்ன செய்வது?

படங்களும் இருக்கின்றன. 1924இல் போல்ஷெவிக் நாட்டில் மிஸ்டர் வெஸ்ட் என்ற நகைச்சுவைப் படம். கொம்புப் பிரேம் கண்ணாடி போட்ட ஓர் அமெரிக்கர், போல்ஷெவிக்குகள் என்றால் காட்டுமிராண்டிகள் என்று பத்திரிகையில் படித்து நடுங்கிக்கொண்டு மாஸ்கோ வருகிறார். பாதுகாப்புக்கு ஒரு கௌபாய். அவரைத் திருடர் கும்பல் ஒன்று பிடித்து, அவர் எதிர்பார்க்கிற காட்டுமிராண்டி போல்ஷெவிக்குகளாக வேஷம் கட்டி நடித்துக் காசு பறிக்கிறது. கௌபாய் பார்னெட், திருடர் தலைவன் புதோவ்கின். பட்டறை மொத்தமும் திரையில் இருக்கிறது. இன்றைக்கும் சிரிப்பு வரும், நம்பிப் பாருங்கள். அமெரிக்க வேகத்தை வைத்து அமெரிக்கர்களையே கேலி செய்கிற படம்.

அடுத்த வருடம் மரணக் கதிர். பாதி இயந்திரம், பாதி சர்க்கஸ். அதைக் கடந்து போய்விடலாம்.

சாளரம்:
இவ்வளவு பேசியும் ஹோஹ்லோவாவை ஒரே வரியில் மேம்போக்காகத் தொட்டுவிட்டுப் போகிறீர்கள். குலெஷோவின் வாழ்க்கை பாதி அவருடைய வாழ்க்கை.

அவருடைய தாத்தா பாவெல் திரெத்யாகோவ், மாஸ்கோவின் திரெத்யாகோவ் ஓவியக்கூடத்தை உண்டாக்கியவர். சித்தப்பா எவ்கேனி பொத்கின், ஜார் குடும்பத்தோடு சேர்த்துச் சுட்டுக் கொல்லப்பட்ட அரண்மனை மருத்துவர். இப்படிப்பட்ட பிறப்பை வைத்துக்கொண்டு 1920களில் சோவியத் திரையில் நாயகியாக இருப்பதை யோசித்துப் பாருங்கள். ஆனால் ஸ்டுடியோக்காரர்கள் சொன்ன காரணம் அது இல்லை. ஒல்லி. அழகில்லை. நீண்ட கைகால்கள், பெரிய வாய், வெறித்த கண்கள். இவரை நாயகியாகப் போட்டால் யார் பார்ப்பார்கள் என்றார்கள். வேறு நடிகையைப் போட்டால் படம் தருகிறோம் என்பது நிபந்தனை. குலெஷோவ் மறுத்தார். ஐசன்ஸ்டீன் 1926இல் அவருக்காக வாதாடி ஒரு கட்டுரை எழுதினார், தலைப்பே "விசித்திரம்தான், ஆனாலும் ஹோஹ்லோவா பற்றி" என்கிற மாதிரி.

எடிட்டிங்தான் எல்லாம், நடிகர் வெறும் செங்கல் என்று குலெஷோவ் நினைத்தார் என்பார்கள். செங்கல் என்று நினைத்தவர் ஒரு செங்கலுக்காக ஏன் தன் வேலையையே பணயம் வைத்தார்? எனக்கு அவருடைய கோட்பாட்டுக்கு எதிரான முதல் சாட்சி அவருடைய வாழ்க்கைதான். அவர் எழுதியதிலும் பிற்காலத்தில் இதை ஒத்துக்கொண்டார், ஆரம்பத்தில் மான்டாஜை, அதாவது ஷாட்டோடு ஷாட்டை ஒட்டுவதை, தூக்கிப் பிடித்து ஷாட்டுக்குள் இருப்பதைக் கண்டுகொள்ளாமல் விட்டோம் என்று.

மாட்டினி ரசிகன்:
இது எனக்குத் தெரியாது. ஒத்துக்கொள்கிறேன். மனைவியா?

சாளரம்:
ஆமாம். முதல் கணவர் நடிகர் கான்ஸ்தந்தீன் ஹோஹ்லோவ், அந்தப் பெயரைத்தான் கடைசிவரை வைத்திருந்தார். அப்புறம் குலெஷோவ். வேடம் கிடைக்காமல் போன பிறகு அவரே இயக்கவும் ஆரம்பித்தார். 1930இல் ஒரு படத்துக்கு இருவரும் சேர்ந்து திரைக்கதை எழுதினார்கள். கடைசியில் ஐம்பது வருட சினிமா நினைவுகளையும் சேர்ந்தே எழுதினார்கள். அது வெளிவந்தது 1975இல், குலெஷோவ் இறந்து ஐந்து வருடம் கழித்து.

பழைய புரொஜெக்டர்:
அம்மா சொன்னது ரொம்ப சரி. அந்தச் செங்கல் விஷயத்துக்குச் சாட்சி சொல்லும் படம் ஒன்று இருக்கிறது. 1926இல் வந்த "சட்டப்படி". மாட்டினிக்குப் பதிலும் அதுதான்.

ஒரு ஃபிலிம் சொசைட்டியில் பல வருடத்துக்கு முன்னால் பார்த்தேன். மௌனப் படம், கூடவே இசையும் கிடையாது, புரொஜெக்டர் கறகறக்கும் சத்தம் மட்டும். முடிந்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை. டீ ஆறிப்போனது.

கதை அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன் எழுதியது. திரைக்கதை ரஷ்ய எழுத்தாளர் விக்தர் ஷ்க்லோவ்ஸ்கி. கனடாவின் யூக்கான் பகுதியில் தங்கம் தேடி ஐந்து பேர் ஒரு குடிசையில். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவர்களில் ஒருவனான டென்னின் என்ற அயர்லாந்துக்காரன் துப்பாக்கியோடு வந்து இரண்டு பேரைச் சுட்டுவிடுகிறான். மிச்சமிருக்கிற கணவனும் மனைவியும் அவனைக் கட்டிப்போடுகிறார்கள். கணவன் அங்கேயே கொன்றுவிடத் துடிக்கிறான். மனைவி எடித், ஹோஹ்லோவா, சட்டப்படிதான் நடக்க வேண்டும் என்கிறாள். குளிர்காலம் முழுக்க, பனி உருகி வெள்ளம் சூழும்வரை, மூன்று பேரும் ஒரே அறையில். காவல்காரர்களும் கைதியும் கிட்டத்தட்ட ஒரு குடும்பமாகிவிடுகிறார்கள். கடைசியில் விக்டோரியா ராணி படத்துக்குக் கீழே உட்கார்ந்து இரண்டு பேரே நீதிபதி, இரண்டு பேரே சாட்சி, இரண்டு பேரே ஜூரி. தூக்குத் தண்டனை.

ஜாக் லண்டன் எழுதிய கதை தூக்கோடு முடிந்துவிடும். குலெஷோவ் இன்னொரு காட்சி வைத்தார். இரவு, புயல். கதவு திறக்கிறது. கழுத்தில் அறுந்த கயிற்றோடு டென்னின் நிற்கிறான். தன் பங்குத் தங்கத்தை எடுத்துக்கொண்டு போகிறான். அவ்வளவுதான்.

மாஸ்கோ ஆற்றங்கரையில் ஒரே குடிசை போட்டு எடுத்த படம். வெள்ளம் நிஜ வெள்ளம், ஐஸ் நிஜ ஐஸ். சோவியத் யூனியனில் அதுவரை எடுத்த முழுநீளப் படங்களில் மிகக் குறைந்த செலவில் எடுத்தவற்றில் ஒன்று என்பார்கள். இப்போது யோசித்துப் பாருங்கள். எடிட்டிங் மேதை என்று பெயர் வாங்கியவர், மாஸ்கோவுக்கு நடுவில் வெள்ளை மாளிகையை நட்டவர், தன் சிறந்த படத்தில் மூன்று பேரை ஓர் அறைக்குள் பூட்டிவிட்டார். எங்கும் வெட்டித் தாவ வழியில்லை. மிஞ்சியது அந்த மூன்று உடம்பும் முகமும்தான். ஹோஹ்லோவா நடுங்குவதை நீங்கள் எந்தக் கிண்ணத்தோடு வேண்டுமானாலும் ஒட்டிப் பாருங்கள், அது நடுக்கம்தான்.

டென்னினாக நடித்த விளாதிமிர் ஃபோகெல் மூன்று வருடம் கழித்துத் தற்கொலை செய்துகொண்டார். வயது முப்பதைத் தொடவில்லை.

மாட்டினி ரசிகன்:
சரி, தோற்றேன். இன்று இரவே தேடிப் பார்க்கிறேன்.

ஆனால் ஒரு பாயிண்டை விடமாட்டேன். ஐசன்ஸ்டீன் 1929இல் குலெஷோவ் கட்சியைக் கிண்டல் செய்தது நியாயம்தான். ஷாட்டைச் செங்கல் மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவது மான்டாஜ் இல்லை, இரண்டு ஷாட் மோதுவதுதான் மான்டாஜ் என்றார். கிண்ணமும் முகமும் அடுக்கா, மோதலா? எனக்கு மோதல்தான். அடுக்கினால் இரண்டும் இரண்டாகவே இருக்கும். பசி என்ற மூன்றாவது ஒன்று எங்கிருந்து வந்தது?

ஒளிமேசை:
அருமையான கேள்வி. குலெஷோவ் கண்டுபிடித்ததைக் குலெஷோவைவிட ஐசன்ஸ்டீன் நன்றாக விளக்கினார் என்று சொல்லலாம். ஆனால் உலகம் எடுத்துக்கொண்டது குலெஷோவ் வழியைத்தான். 1964இல் கனடா தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் ஹிட்ச்காக் இதையே தன் முகத்தை வைத்து விளக்கினார். அவர் பார்க்கிறார், ஒரு தாயும் குழந்தையும், அவர் சிரிக்கிறார்: நல்ல மனிதர். குழந்தையை எடுத்துவிட்டு நீச்சல் உடையில் ஒரு பெண்ணை வைத்தால், அதே சிரிப்பு: ஜொள்ளு விடும் கிழவன். நீங்கள் சொன்ன மோதல் அங்கே இல்லை, அமைதியாக ஒட்டிக்கொள்கிறது.

கத்திரிக்கோல்:
1926இல் அவருக்கு 27 வயது. 1970 வரை இருந்திருக்கிறார். நடுவில் என்ன ஆனது?

சாளரம்:
சொல்கிறேன். 1927இல் ஒரு படம், இன்று துண்டுகள்தான் மிச்சம். அதற்கு அரங்க அமைப்பு ஓவியர் ரோத்சென்கோ. அப்புறம் சில சுமாரான படங்கள். 1933இல் மாபெரும் ஆறுதலாளன், பேசும் படம். இதை மட்டும் தவறவிடாதீர்கள்.

நாயகன் பில் போர்ட்டர், அதாவது சிறுகதை எழுத்தாளர் ஓ. ஹென்றி, அமெரிக்கச் சிறையில். நடித்தவர் யார் தெரியுமா? கான்ஸ்தந்தீன் ஹோஹ்லோவ், ஹோஹ்லோவாவின் அதே முதல் கணவர்தான். சிறையில் ஜிம்மி வாலன்டைன் என்ற கைதி. ஒரு பெட்டகத்தைத் திறந்து கொடுத்தால் விடுதலை என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். அவன் விரல் நகங்களை ரத்தம் வரத் தேய்த்து, நரம்பின் தொடு உணர்ச்சியாலேயே திறந்து கொடுக்கிறான். விடுதலை கிடையாது. செத்துப்போகிறான். இதையெல்லாம் கண்ணால் பார்த்த போர்ட்டர் என்ன எழுதுகிறார்? ஜிம்மி வாலன்டைன் விடுதலையாகி, மனம் திருந்தி, காதலியோடு சேர்கிற இனிப்பான கதை. வெளியே ஒரு கடைப்பெண், ஹோஹ்லோவா, அந்தக் கதைகளைப் படித்து ஆறுதல் தேடிக்கொண்டு உயிர்வாழ்கிறாள்.

1933 மாஸ்கோவில் இப்படி ஒரு படம். உண்மையைத் தெரிந்தும் நல்ல முடிவு எழுதுகிற எழுத்தாளன் என்றால் அது அமெரிக்காவைப் பற்றி மட்டும்தானா? நான் படித்துக்கொள்வது எனக்கு. நீங்கள் வேறு மாதிரியும் படிக்கலாம். 1935இல் சோவியத் திரைக்கலைஞர் மாநாட்டில் பழைய மான்டாஜ் ஆட்களையெல்லாம் நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். உருவவாதி, அதாவது கருத்தை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் பிடித்துக்கொண்டவர் என்ற பட்டம் அப்போது சாதாரண வசவு இல்லை. அதற்குப் பிறகு அவர் எடுத்தது பெரும்பாலும் சிறுவர் படங்கள், போர்க்காலப் படங்கள். கடைசிப் படம் 1943இல், அவரும் ஹோஹ்லோவாவும் சேர்ந்து இயக்கியது.

பழைய புரொஜெக்டர்:
அப்புறம் முழுநேர ஆசிரியர். 1941இல் இயக்கம் பற்றிய பாடப்புத்தகம், நூற்றுக்கணக்கான பக்கம். 1944 முதல் சில வருடம் அந்த மாஸ்கோ திரைப்படப் பள்ளிக்கே தலைமை. 1966இல் வெனிஸ் திரைப்பட விழாவின் நடுவர் குழுவில் இருந்தார். அந்த வருடம் முதல் பரிசான தங்கச் சிங்கம் வாங்கியது அல்ஜியர்ஸ் யுத்தம் பற்றிய இத்தாலியப் படம். செய்திப்படம் மாதிரி எடுத்த ஒரு கதைப்படத்துக்கு, 1920இல் போர்முனைச் செய்திப்படம் எடுத்தவர் கை தூக்கியிருக்கிறார் என்று நினைத்தால் எனக்குச் சந்தோஷம்.

மாட்டினி ரசிகன்:
புரொஜெக்டர் சார், நடுவர் யார் எதற்குக் கை தூக்கினார் என்பது நமக்கெப்படித் தெரியும்?

பழைய புரொஜெக்டர்:
நீங்கள் சொல்வது சரி. ஆசையில் எழுதிவிட்டேன். அந்த மேசையில் உட்கார்ந்திருந்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கத்திரிக்கோல்:
வகுப்பு முடிந்தது. சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது என்பதால் எழுதுகிறேன்.

யூடியூப் துண்டைக் காட்டவில்லை. எங்கள் சீரியலின் அந்தக் காபி முகத்தை எடுத்துப்போனேன், யாரென்று தெரியாதபடி கொஞ்சம் மங்கலாக்கி. வகுப்பை மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சாவு வீடு, ஒரு குழுவுக்குப் பிரியாணி, ஒரு குழுவுக்குப் பரீட்சை ரிசல்ட் ஒட்டிய பலகை. சாவு வீடு பார்த்தவர்கள் அழுகையை அடக்குகிறாள் என்றார்கள். ரிசல்ட் பார்த்தவர்கள் ஃபெயில் என்றார்கள். பிரியாணிக் குழுவில் பாதிப் பேர் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள், ஒருத்தி மட்டும் "உப்பு கம்மி" என்றாள். ஆக, மாட்டினி அண்ணாவுக்கும் ஒளிமேசை அண்ணாவுக்கும் ஆளுக்குப் பாதி வெற்றி.

அப்புறம் சட்டப்படியில் கதவு திறக்கும் இடத்தைக் காட்டினேன். யாரும் போனை எடுக்கவில்லை.

கடைசியில் பின் வரிசைப் பையன் ஒருவன் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "சார், சூப்புக் கிண்ணத்துக்கு முகம் கொடுத்தாரே, அந்த நடிகருக்குச் சம்பளம் கொடுத்தாங்களா?"

ஒளிமேசை:
பையனிடம் சொல்லுங்கள்: அது பழைய படத்திலிருந்து வெட்டிய முகம், அதற்குச் சம்பளம் ஏது? மொசூகின் 1920இல் ரஷ்யாவை விட்டுக் கப்பல் ஏறிவிட்டார். 1920களில் பாரிஸில் பெரிய நட்சத்திரம். பேசும் படம் வந்ததும் உச்சரிப்பு காலை வாரியது. 1939இல் காசநோயில் இறந்துபோனார், பாரிஸுக்குப் பக்கத்தில் நெய்யி என்ற ஊரில்.

கத்திரிக்கோல்:
எங்கள் காபி முகத்துக்கும் அந்த எபிசோடுக்குப் பேட்டா போகவில்லை. நாளை மேனேஜரிடம் கேட்டுப் பார்க்கிறேன்.